தீயணைக்க வருவோரும் நம் கடமையும்

 



மதீனா நகரில் ஓர் இரவு, எங்கிருந்தோ ஒரு பெரும் சப்தம் கேட்டது. பகைவர் வந்துவிட்டார்களோ, வேறு ஏதும் ஆபத்தோ என்று மக்கள் திடுக்கிட்டு எழுந்தார்கள். சப்தம் வந்த திக்கை நோக்கிச் சிலர் புறப்பட்டார்கள். பாதி வழியில், எதிரே ஒருவர் குதிரையில் திரும்பி வந்துகொண்டிருந்தார். அவர் வேறு யாருமல்ல. நம் நாயகம் (ஸல்) அவர்கள்தாம்! அபூதல்ஹா (ரலி) அவர்களின் குதிரையில், சேணம் பூட்டக் கூடக் காத்திராமல் ஏறி, கழுத்தில் வாளைத் தொங்கவிட்டுக்கொண்டு, தன்னந்தனியே போய்ப் பார்த்துவிட்டே திரும்பியிருந்தார்கள். அஞ்ச வேண்டியது ஏதுமில்லை என்று மக்களுக்கு ஆறுதல் சொன்னார்கள். இதை நமக்கு அறிவித்துத் தந்தவர் அனஸ் (ரலி) அவர்கள்.

நாயகத்தின் வீரத்துக்கு எடுத்துக்காட்டாக இந்தச் செய்தியை நாம் அடிக்கடி சொல்வோம். இதில் இன்னொரு பாடமும் அடங்கியிருக்கிறது. ஊர் அஞ்சி நிற்கும்போது அச்சம் வந்த திக்கை நோக்கி முதலில் போவது நபிவழி. ஊர் உறங்கும்போது ஊருக்காக விழித்திருப்பது நபிவழி.

இன்று நம் ஊர்களில் அந்தப் பணியைச் செய்பவர்கள் யார்? ஒரு வீடு பற்றி எரிகிறது. வீட்டுக்காரர் வெளியே ஓடி வருகிறார். அக்கம் பக்கத்தார் ஒதுங்கி நிற்கிறார்கள். அப்போது மணியடித்துக்கொண்டு ஒரு சிவப்பு வண்டி வருகிறது. அதிலிருந்து குதிப்பவர்கள், எல்லாரும் விட்டு ஓடிய அந்த வாசலுக்குள்ளே நுழைகிறார்கள். அவர்கள்தாம் தீயணைப்பு வீரர்கள். கிணற்றில் விழுந்த பிள்ளையானாலும், வெள்ளத்தில் சிக்கிய கிழவியானாலும், வீட்டுக்குள் புகுந்த பாம்பானாலும், சேற்றில் மாட்டிக்கொண்ட மாடானாலும் நாம் அழைப்பது அவர்களைத்தான். நம் மாநிலத்தில் அந்தத் துறைக்குப் பெயரே தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை என்பதுதான்.

இவர்களைப் பற்றி மார்க்கம் பேசும் பக்கத்தில் என்ன பேச்சு என்று யாரேனும் கேட்கலாம். மார்க்கத்துக்கு இதில் நிறையவே பேச்சு இருக்கிறது.

ஒருவர் செய்யும் ஊர்க்கடமை

ஓர் உயிரை வாழ வைத்தவர் மனித குலம் முழுவதையும் வாழ வைத்தவரைப் போன்றவர் என்ற கருத்தைத் திருமறையின் ஐந்தாவது அத்தியாயத்திலே அல்லாஹ் அருளியிருக்கிறான். ஆபத்தில் சிக்கிய உயிரைக் காப்பது பர்ளு கிபாயா. ஜனாஸாத் தொழுகையைப் போல, ஊரில் சிலர் செய்தால் எல்லார் மீதுள்ள பொறுப்பும் நீங்கும். யாருமே செய்யாவிட்டால் ஊர் முழுவதும் குற்றவாளியாகும்.

இந்தக் கடமையின் எடையை அறிய வேண்டுமானால் நம் பிக்ஹு நூல்களைப் பாருங்கள். ஒருவர் தொழுகையில் நிற்கிறார். தண்ணீரில் மூழ்குபவரோ நெருப்பில் அகப்பட்டவரோ அபயக் குரல் எழுப்புகிறார். காப்பாற்றும் சக்தி உள்ளவர் அந்தத் தொழுகையை முறித்துக்கொண்டு ஓட வேண்டும் என்று சட்ட மேதைகள் எழுதி வைத்திருக்கிறார்கள். நோன்பை விட்டாலொழிய மூழ்குகிறவரைக் கரை சேர்க்க இயலாது என்ற நிலை வந்தால், நோன்பை விட்டுப் பிறகு களாச் செய்யவும் வழி சொல்லியிருக்கிறார்கள். தொழுகையும் நோன்பும் தீனின் தூண்கள். அந்தத் தூண்களே ஓர் உயிரின் கூக்குரலுக்கு வழி விடுகின்றன என்றால், அந்த உயிரின் மதிப்பை என்னென்று சொல்வது!

இப்படிப்பட்ட பொறுப்பை, பெருநாள் என்றும் மழைக்காலம் என்றும் பாராமல், நமக்காக முன்னின்று சுமப்பவர்கள் தீயணைப்பு நிலையத்தில் விழித்திருப்பவர்கள். அவர்களில் நம்மவரும் உண்டு, பிற சமயத்தவரும் உண்டு. தீயில் சிக்கியவனின் சமயத்தை அவர்கள் கேட்பதில்லை. மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவன் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தியவனாக மாட்டான் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அந்த நன்றி என்பது என்ன, அது எங்கே தொடங்க வேண்டும் என்பதைத்தான் இங்கே சிந்திக்கப் போகிறோம்.

அவர்கள் கொடுக்கும் விலை

நெருப்பை விடப் புகைதான் முதலில் கொல்கிறது. எரியும் வீட்டில் நிறையும் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுக் காற்று இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. சில மூச்சுகளில் ஆள் தடுமாறி விழுந்துவிடுவான். இதற்காகவே வீரர்கள் முதுகில் காற்று நிரப்பிய உருளையையும் முகத்தில் மூடியையும் அணிகிறார்கள். அந்தக் காற்றும் அளவானதே. கடும் உழைப்பில் மூச்சு வாங்க வாங்க அது சீக்கிரமே தீர்ந்து போகும்.

பூட்டிய அறைக்குள் காற்றில்லாமல் கனன்று கொண்டிருக்கும் நெருப்பு, கதவைத் திறந்த மறுகணம் வெளிக்காற்றை இழுத்துக்கொண்டு வெடிப்பது போல் சீறி வரும். சூடேறிய சுவரும் கூரையும் எப்போது சரியும் என்று தெரியாது. கால் வைக்கும் இடத்தில் மின்சாரம் ஓடும். தப்பித்து வந்தவருக்கும் ஆபத்து முடிவதில்லை. எரியும் பிளாஸ்டிக்கும் இரசாயனங்களும் கலந்த புகையை ஆண்டுக் கணக்கில் சுவாசிப்பதனால், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2022-ஆம் ஆண்டில் தீயணைப்புத் தொழிலையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் வரிசையில் சேர்த்துவிட்டது.

1944-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற 'போர்ட் ஸ்டிகைன்' என்ற கப்பலில் தீப்பிடித்தது. அந்தக் கப்பலில் பஞ்சுப் பொதிகளும் வெடிமருந்துகளும் சேர்த்து ஏற்றப்பட்டிருந்தன. வீரர்கள் அணைத்துக்கொண்டிருக்கும்போதே கப்பல் வெடித்துச் சிதறியது. 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள். அவர்கள் நினைவாகவே ஆண்டுதோறும் ஏப்ரல் 14 நாடு முழுவதும் தீயணைப்புப் பணி தினமாக அனுசரிக்கப்படுகிறது. அன்று தொடங்கி ஒரு வாரம் தீத்தடுப்புப் பிரசாரமும் நடைபெறுகிறது.

இது பழைய கதை என்று எண்ண வேண்டாம். 2017 ஜூலையில் சென்னை கொடுங்கையூரில் ஒரு பேக்கரியில் இரவில் பற்றிய தீயை அணைக்கச் சென்றபோது எரிவாயு சிலிண்டர் வெடித்து ஒரு வீரர் உயிரிழந்தார். வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தவர்களும் வெந்து புண்ணானார்கள். 2020 ஜூலையில் பெரம்பலூர் அருகே கிணற்றுக்குள் சிக்கியவரை மீட்க இறங்கிய வீரர் ஒருவர் நச்சுக்காற்றில் மூச்சுத் திணறி இறந்தார். அதே ஆண்டு நவம்பர் 14-ந் தேதி, தீபாவளி நாளில், மதுரையில் பழைய கட்டிடம் ஒன்றில் இருந்த ஜவுளிக் கடையில் தீயணைக்கும்போது கட்டிடம் இடிந்து விழுந்து இரு வீரர்கள் மாண்டார்கள். ஊரெல்லாம் புத்தாடை உடுத்திய காலை, அந்த இரு வீட்டாருக்கு எப்படி விடிந்திருக்கும்!

போர்க்களத்தில் கொல்லப்பட்டவர் அல்லாமல் வேறு சிலருக்கும் ஷஹீதுடைய அந்தஸ்து உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்னபோது, நெருப்பில் வெந்தவர், இடிபாட்டில் சிக்கியவர், தண்ணீரில் மூழ்கியவர் ஆகிய மூவரும் அந்த எண்ணிக்கையில் வந்தார்கள். தீயணைப்பு வீரர்கள் தினந்தோறும் எதிர்கொள்வது இந்த மூன்று மரணங்களையும்தான் என்பதைக் கவனியுங்கள். யாருக்கு என்ன கூலி என்பது அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. அதில் நமக்குத் தீர்ப்புச் சொல்லும் உரிமை இல்லை. அவர்களுடைய உயிருக்கு நாம் என்ன செய்தோம் என்ற கேள்வி மட்டும் நம்மைச் சேர்ந்தது.

நன்றி எங்கே தொடங்குகிறது?

அருமைச் சகோதரர்களே! மாலை போட்டு, பொன்னாடை போர்த்திப் பாராட்டுவது நல்லதுதான். ஆனால் தீயணைப்பு வீரர் ஒருவர் நுழையும் ஆபத்தை உண்டாக்கி வைப்பவர்கள் பெரும்பாலும் நாமே. மூடாமல் விட்ட எரிவாயு, அணைக்காமல் விட்ட அடுப்பு, படிக்கட்டில் அடுக்கிய சாமான், மறைத்து வைத்த பெட்ரோல் கேன், இவையெல்லாம் நாம் அவருக்கு வைக்கும் கண்ணிகள். நம்மைக் காக்க வருபவரின் உயிர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத். அந்த அமானத்தைப் பேணுவதுதான் உண்மையான நன்றி. அது வண்டி வந்த பிறகு தொடங்குவதல்ல. இன்றிரவு நம் வீட்டு அடுக்களையில் தொடங்க வேண்டும்.

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு உள்ளே இருந்தவர்களோடு எரிந்து போயிற்று. செய்தி நாயகம் (ஸல்) அவர்களுக்கு எட்டியதும், இந்த நெருப்பு உங்களுக்குப் பகை, உறங்கப் போகும்போது அணைத்து விடுங்கள் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். சுண்டெலி விளக்குத் திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடலாம் என்றும் காரணம் சொன்னார்கள். பாத்திரத்தை மூடுவதையும் கதவைத் தாழிடுவதையும் பிஸ்மில்லாஹ் சொல்லிச் செய்யச் சொன்ன அதே போதனையில் விளக்கணைப்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். அப்படியானால் படுக்கைக்கு முன் அடுப்பைச் சரிபார்ப்பது வெறும் வீட்டு வேலையா? நிய்யத்தோடு செய்தால் அது ஒரு சுன்னத்து. கூலி தரும் அமல்.

அல்லாஹ் விதித்தது நடக்கும், நாம் என்ன செய்ய முடியும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படிதான் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். ஹிஜ்ரி 654-ஆம் ஆண்டு ரமளான் மாதத் தொடக்கத்தில் மதீனாவின் மஸ்ஜிதுன் நபவியே தீக்கிரையாயிற்று. பணியாளர் ஒருவர் சாமான் அறைக்குள் கொண்டு போன விளக்கே காரணம் என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். இடம் எவ்வளவு புனிதமானதானாலும் கவனக்குறைவுக்கு நெருப்பு விலக்கு அளிப்பதில்லை.

நம் காலத்திலும் ஒரு படிப்பினை உண்டு. 1997-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி, ஹாஜிகள் மினாவில் கூடியிருந்தபோது சமையல் எரிவாயுவிலிருந்து பற்றிய தீ காற்றில் பரவிச் சுமார் 70,000 கூடாரங்களை எரித்தது. 343 ஹாஜிகள் மாண்டார்கள். அதன் பின் மினாவில் தீப்பிடிக்காத துணியால் கூடாரங்கள் அமைக்கப்பட்டன. கூடாரங்களில் எரிவாயு அடுப்புக்குத் தடை வந்தது. அல்லாஹ்வின் விருந்தாளிகள் தங்கும் இடத்திலேயே தவக்குலும் தற்காப்பும் சேர்ந்து நடக்கின்றன. நம் வீட்டில் மட்டும் தற்காப்பு எதற்கு என்று கேட்கலாமா?

இல்லத்தரசிகள் கவனத்துக்கு

ஸஹர் நேரத்தில் அரைத் தூக்கத்தில் அடுப்பு மூட்டுகிறோம். இஃப்தாருக்கு முன் எண்ணெய்ச் சட்டியில் வடையும் சமோசாவும் பொரிக்கும்போது பாங்கு சொல்லிவிடுகிறார்கள். பேரீத்தம்பழத்தைத் தேடி ஓடுகிறோம். ஆபத்து நுழையும் வேளைகள் இவை. அடுப்பை அணைத்த பிறகே அடுக்களையை விட்டு வெளியே வாருங்கள்.

எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. கொதிக்கும் எண்ணெயில் விழுந்த தண்ணீர் கணத்தில் ஆவியாகி எரியும் எண்ணெயை நாற்புறமும் வாரி இறைக்கும். அடுப்பை அணைத்து, சட்டியைப் பெரிய மூடியால் மூடிவிட்டால் காற்றில்லாமல் தீ தானே அடங்கும். சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

எரிவாயு காற்றை விடக் கனமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து மூலைகளில் தேங்கும். இயற்கையில் அதற்கு மணமில்லை. கசிவு தெரிய வேண்டுமென்றே அதில் நாற்றம் கலக்கிறார்கள். அந்த நாற்றம் வந்தால் எந்த மின் சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். அந்தச் சிறு பொறியே போதும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, பிள்ளைகளை வெளியேற்றி, வெளியே நின்றுகொண்டு 1906 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். இரவில் படுக்கும் முன் அடுப்பின் திருகை மட்டும் மூடினால் போதாது, ரெகுலேட்டரையும் மூடுங்கள்.

சாம்பிராணி போட்ட தணலையும் கொசுவர்த்தியையும் திரைச்சீலைக்கும் மெத்தைக்கும் அருகில் வைக்காதீர்கள். ஒரே பிளக்கில் பல இணைப்புகளைச் செருகாதீர்கள். அடுக்களையில் நைலான் துணி வேண்டாம். உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி உடையே நல்லது. துப்பட்டாவின் முனையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். ஆடையில் தீப்பற்றினால் ஓடக் கூடாது. தரையில் படுத்துப் புரள வேண்டும், அல்லது கம்பளியால் சுற்ற வேண்டும். வெந்த இடத்தில் மாவும் மையும் பற்பசையும் தடவாமல், குழாய்த் தண்ணீரை இருபது நிமிடமாவது ஓட விட்டு, மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

பூட்டும் சங்கிலியும்

2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ந் தேதி அதிகாலையில், நம் மக்கள் நேர்ச்சைக்கும் ஜியாரத்துக்கும் போய் வரும் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த ஒரு தனியார் விடுதியின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. அங்கே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். எழுந்து ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் கீற்றுக் கூரை பற்றியெரிந்து 94 பிஞ்சுகள் கருகினார்கள்.

எத்தனை விரைவாக வண்டி வந்தாலும், சங்கிலிக்கும் கீற்றுக்கும் முன்னால் அது தாமதமாகவே வந்து சேர்கிறது. அந்தப் பழி வண்டியின் மீதா, சங்கிலி பூட்டியவர் மீதா? மத்ரஸாக்களையும் அனாதை இல்லங்களையும் நடத்தும் பெரியவர்களே! பிள்ளைகள் உறங்கும் கட்டிடத்தில் வெளியேற இரண்டு வழிகள் உண்டா? இரவில் வெளிக்கதவைப் பூட்டும் சாவி யாரிடம் இருக்கிறது? எல்லா ஜன்னல்களும் கம்பி போட்டு அடைத்தவையா? அந்தப் பிள்ளைகள் பெற்றோர் உங்களிடம் ஒப்படைத்த அமானத். இன்றிரவே ஒருமுறை போய்ப் பாருங்கள்.

வண்டி வரும்போது

தீ பற்றினால் முதலில் ஆட்களை வெளியேற்றுங்கள். புகை நிறைந்தால் தரையோடு தவழ்ந்து வர வேண்டும். கீழே காற்று தெளிவாக இருக்கும். வெளியேறியதும் 101-க்கோ 112-க்கோ சொல்லுங்கள். ஊர், தெரு, அருகிலுள்ள பள்ளிவாசல், எரிவது என்ன, உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதை நிதானமாகச் சொல்லுங்கள். விளையாட்டுக்காகப் பொய்யாக அழைப்பவன் பெரும் பாவம் செய்கிறான். வேடிக்கைக்காகவும் ஒரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வது ஆகாது என்றார்கள் நாயகம் (ஸல்). அந்தப் பொய்க்காக வண்டி புறப்பட்ட நேரத்தில் வேறோர் உண்மையான வீடு எரிந்தால் அதற்கு யார் பொறுப்பு?

நகைப் பெட்டிக்காகவோ பத்திரத்துக்காகவோ மறுபடி உள்ளே போகாதீர்கள். நீங்கள் போனால் உங்களைத் தேடி ஒரு வீரரும் போக வேண்டும். உங்கள் கையாலேயே உங்களை அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்று திருமறை தடுத்திருப்பதை மறவாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வரும் வீரரிடம் உண்மையைச் சொல்லுங்கள். உள்ளே எத்தனை சிலிண்டர்? பெயிண்டும் ஆஸிடும் உண்டா? பட்டாசு இருக்கிறதா? எந்தப் படி உளுத்துப் போயிருக்கிறது? உரிமம் இல்லாமல் வைத்த சரக்கு வெளியே தெரிந்தால் அபராதம் வருமே என்று கடைக்காரர் வாயை மூடிக்கொண்டால், அந்த மௌனம் ஓர் உயிரை விலையாகக் கேட்கலாம். வீரர் உள்ளே போவது உங்கள் சொல்லை நம்பித்தான். அபராதத்தை இந்த உலகத்தில் கட்டித் தீர்த்துவிடலாம். அந்த உயிருக்கான கணக்கை எங்கே தீர்ப்பீர்கள்?

பாதைக்கும் ஒரு ஹக்கு உண்டு

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் பழைய ஊர்களில் தெருக்களும் முடுக்குகளும் குறுகலானவை. அவற்றை அகலப்படுத்த நம்மால் இயலாமல் போகலாம். இன்னும் குறுக்காமல் இருக்கலாம் அல்லவா? வாசலுக்கு வெளியே ஒரு படி, படிக்கு வெளியே ஒரு திண்ணை, அதற்கும் வெளியே இரண்டு மோட்டார் சைக்கிள்! கல்யாணத்துக்குத் தெருவை அடைத்துப் பந்தல். ஜும்ஆ நேரத்தில் பள்ளிவாசலைச் சுற்றி வழியெல்லாம் வாகனம். பாதையில் அமர்பவர்கள் பாதைக்குரிய ஹக்கைக் கொடுக்க வேண்டும் என்றும், பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்றும் கற்றுத் தந்தார்கள் நாயகம் (ஸல்). முள்ளை அகற்றுவதற்கே கூலி உண்டு என்றால், உயிர் காக்கும் வண்டிக்கு வழி அடைத்து நிற்பதற்கு என்ன பெயர்? பந்தல் போடுவோர் ஒரு பக்கம் வண்டி போக இடம் விடட்டும். முத்தவல்லிமார் ஜும்ஆவுக்கு வருவோரின் வாகனங்களை ஒழுங்காக நிறுத்தச் செய்யட்டும்.

தீ எரியும் இடத்தில் வேடிக்கை பார்க்கக் கூடுவதும், கைபேசியில் படம் பிடிக்க முண்டியடிப்பதும் நம்மவர்களிடம் பெருகி வருகிறது. அந்தக் கூட்டத்தைத் தாண்டித்தான் தண்ணீர்க் குழாயும் ஏணியும் போக வேண்டும். கொடுங்கையூரில் வேடிக்கை பார்த்தவர்களுக்கு நேர்ந்ததை மறந்துவிட வேண்டாம். சற்றுத் தாமதமாகிவிட்டால் வீரர்கள் மீதே பாய்ந்து ஏசுவோரும் உண்டு. தாமதத்துக்குக் காரணம் நம் தெருவிலேயே நிற்கலாம்.

பக்கத்து வீட்டுக்காரன் தன் வீட்டில்தானே எதையோ வைத்திருக்கிறான், நமக்கென்ன என்று இருக்கவும் முடியாது. கப்பலின் கீழ்த்தட்டில் இருப்பவர்கள் தங்கள் பகுதியில்தானே துளை போடுகிறோம் என்று போட்டால், தடுக்காத மேல்தட்டுக்காரர்களும் சேர்ந்தே மூழ்குவார்கள் என்ற உவமையை நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒட்டிக் கட்டிய வீடுகளின் தெரு அந்தக் கப்பலைப் போன்றது. அன்போடு எடுத்துச் சொல்வது நம் கடமை.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியவை

ஒரு தீயணைப்பு வண்டி சாதாரணமாகச் சுமார் 4,500 லிட்டர் தண்ணீர் கொண்டு வருகிறது. முழு வேகத்தில் பீய்ச்சினால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். பிறகு அருகில் தண்ணீர் எங்கே என்று தேட வேண்டும். நம் மஹல்லாவில் பள்ளிவாசல் ஹவுளும் குளமும் கிணறும் இருக்கின்றன. வண்டியின் குழாய் அவற்றை எட்டுமா, வழி இருக்கிறதா என்று நிலைய அலுவலரை அழைத்துக் காட்டி முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம். ஒளுவுக்கான தண்ணீர் ஆயிற்றே என்று தயங்குவோர் உண்டு. தாகத்தால் தவிக்கும் ஓர் உயிருக்குத் தண்ணீர் தேவைப்பட்டால், அதைக் கொடுத்துவிட்டுத் தயம்மும் செய்யச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெற்று, ஆபத்து வருமுன்பே முடிவெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்கு ஒரு முறை, ஏப்ரல் மாதத்துத் தீயணைப்பு வாரத்தில், ஜும்ஆவுக்குப் பின் உள்ளூர் வீரர்களை அழைத்து, தீயணைப்பானைக் கையாளும் விதத்தைக் கற்றுக்கொள்ளலாம். பெண்களுக்கென்று தனியாக ஒரு நாள் வைக்கலாம். அடுப்படியில் நிற்பவர்கள் அவர்கள்தாமே! பள்ளிவாசலின் மின் இணைப்புகளையும், ரமளானிலும் மீலாது நாட்களிலும் போடும் அலங்கார விளக்குகளையும் தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு சோதிக்கலாம். அழைத்த வீரர்களுக்கு ஒரு வேளை விருந்து வைத்து உபசரித்தால் அது நம் ஊரின் கண்ணியம். கிராஅத் ஓதத் தெரிந்த நம் பிள்ளைகள் சிலர் இந்தத் துறையில் சேர்ந்து பணியாற்றவும் முன்வரட்டும்; ஊரைக் காக்கும் உத்தியோகத்தில் ஒரு குறைவும் இல்லை.

அன்புச் சகோதரர்களே! நெருப்பு நமக்கு ஒரு நினைவூட்டலாகவும் பயன்தரும் பொருளாகவும் ஆக்கப்பட்டிருப்பதாகத் திருமறை கூறுகிறது. அடுப்பில் இருக்கும்வரை பயன். அடுப்பை விட்டு வெளியேறினால் மறுமையின் நெருப்பை நினைவூட்டும் அச்சம். ஒருவர் மூட்டிய தீயில் விட்டில்கள் வந்து விழுகின்றன, அவர் தடுக்கத் தடுக்க அவை மீறி விழுகின்றன. அதுபோல நீங்கள் நெருப்பில் விழாமல் நான் உங்கள் இடுப்பைப் பிடித்து இழுக்கிறேன் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் தம்மையே உவமித்துச் சொன்னார்கள். தம் உம்மத்தை நரக நெருப்பிலிருந்து பிடித்து இழுக்கும் அந்தத் திருக்கரங்களை நேசிக்கும் நாம், இவ்வுலக நெருப்பிலிருந்து மனிதரைப் பிடித்து இழுக்கும் கைகளை மதிக்காமல் இருக்கலாமா? அந்தக் கைகள் வேகும்படி நம் வீட்டை வைத்திருக்கலாமா?

இன்றிரவு இஷாத் தொழுது, படுக்கைக்குப் போகும் முன் பிஸ்மில்லாஹ் சொல்லி ரெகுலேட்டரை மூடுங்கள். படிக்கட்டை ஒழித்து வையுங்கள். வாசல் வழியைத் திறந்து வையுங்கள். பிறகு கையேந்திக் கேளுங்கள்:

யா அல்லாஹ்! எங்கள் வீடுகளையும் மஸ்ஜிதுகளையும் மத்ரஸாக்களையும் தீ விபத்துகளிலிருந்து காப்பாயாக! பிறர் உயிரைக் காக்கத் தங்கள் உயிரைத் துச்சமென எண்ணிப் புறப்படுவோரைப் பத்திரமாக அவர்களின் மனைவி மக்களிடம் திருப்பிச் சேர்ப்பாயாக! எங்கள் அலட்சியத்தால் எந்த உயிரும் அழியாதபடி எங்களுக்கு விழிப்பைத் தருவாயாக! மறுமையின் நெருப்பை விட்டும் எங்கள் அனைவரையும் காப்பாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.